வக்கீல் வீட்டுக் காவல்

ஜூன் 9, திங்கள்

எஸ்.பி. ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது. நாளை முதல் அழகியபேரி எம்.எல்.ஏ.வுக்கு நான் மெய்க்காவலர். எம்.எல்.ஏ. என்றால் வக்கீல் சங்கரவடிவு. ஜெயித்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் போனில் மிரட்டலாம், பெண் போலீஸ் பாதுகாப்பு வேண்டுமாம்.

டி.எஸ்.பி. சந்தானம் ஐயாவைப் போய்ப் பார்த்தேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர உள்ள அனுப்புனதே அந்தம்மாதான். வேற ஆளே கெடைக்கலையா?"

"தெரியும் ஆவுடைச்செல்வி. நான் போடல. அந்தம்மாவே ஒம் பேரச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கு."

எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஜெயிலுக்கு அனுப்பியவன் பெண்டாட்டி யூனிஃபார்மோடு வந்து தனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சுகத்துக்குத்தான்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்க" என்றார் ஐயா. "யார் வாரா, யார் போறா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரு. தங்கப்பழம் அப்பீலு மதுரையில கெடக்குல்லா. நம்ம பக்கத்துலருந்து செய்யவேண்டியதச் செய்வோம்."

தங்கப்பழம் என் வீட்டுக்காரர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அழகியபேரி ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். திருட்டுக் கேசில் கூட்டி வந்த லோடு ஆட்டோ டிரைவர் மாரிக்கண்ணு ஸ்டேஷனில் செத்துப்போனான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதினார்கள். மாரிக்கண்ணுவின் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போய், அரசுத் தரப்புக்குத் தன்னையே தனி வக்கீலாகப் போட வைத்தாள் சங்கரவடிவு. நானே கூண்டேறிச் சொல்கிறேன் என்று இவர் வீம்பாக ஏறினார். இரண்டு நாள் கேள்வி கேட்டாள். நடுவில் இவருக்கு நாக்கு வறண்டது. "சாட்சிக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்று அவளே சொன்னாள். குடித்து முடிக்கிறவரை கைகட்டி நின்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பத்து வருஷம் தீர்ப்பாயிற்று. கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு அப்பீல் ஜாமீனில் வெளியே இருக்கிறார். வேலை போனது போனதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போ. காதத் தொறந்து வச்சுக்க" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் மனுக்காரர்கள். பட்டா, முதியோர் பென்ஷன், மகனுக்கு வேலை. எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுகிறாள். குமாஸ்தா பிச்சையா பக்கத்தில் நின்று எழுதுகிறார். கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டியவள், பீடி சுற்றியவர் மகள். அதைத் தேர்தலில் மேடைக்கு மேடை சொன்னார்கள். எதிர்வீட்டுச் சுவரில் எழுத்து இன்னும் அழியவில்லை: "சட்டம் அறிந்தவர் சட்டசபைக்கு."

என்னைப் பார்த்ததும், "வாங்க ஏட்டம்மா. சாப்ட்டியளா?" என்றாள்.

"ஆச்சு மேடம்."

சாப்பிட்டிருக்கவில்லை. அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

இன்று வயிறு நிறைந்தது. மேலூர் ரோட்டில் புதுப் போலீஸ் ஸ்டேஷன் கட்டடம் திறப்பு. ரிப்பன் வெட்டியது யார்? வக்கீல் சங்கரவடிவு. "லாக்கப்பில்லாத ஸ்டேஷன் வேண்டும்" என்று ஒரு காலத்தில் துண்டறிக்கை அடித்தவள், ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, "நல்ல காத்தோட்டமா இருக்கு" என்றாள். டி.எஸ்.பி. ஐயா பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கட்சி மாவட்டச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார்.

வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். ரேஷன் அரிசியில் கல் அதிகம். நாளைக்குப் புடைக்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சென்னை. எம்.எல்.ஏ. விடுதி. எனக்குக் கீழ்த்தளத்தில், கன்மேன் என்கிற மெய்க்காவலர்களுக்கான அறையில் ஒரு கட்டில். ஆண்கள் எல்லோரும் வராண்டாவுக்குப் போய்விட்டார்கள், பாவம்.

இன்று போலீஸ் மானியக் கோரிக்கை. சிறை, லாக்கப், சித்திரவதை என்று இவள் கிழித்துவிடுவாள் என்று பத்திரிகைக்காரர்கள் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். கூட்டணியின் சின்னக் கட்சிதானே, கொடுத்ததே கொஞ்ச நேரம். அதில் அமைச்சருக்கு நன்றி சொன்னாள். தொகுதிக்கு ஒரு டிராஃபிக் சிக்னல் கேட்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

காரில் தலைவலி மாத்திரை கேட்டாள். என் பையில் இருந்தது. இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நேற்று அழகியபேரி ஸ்டேஷனில் ஒருத்தன் செத்துவிட்டான். உச்சிமாகாளி. செல்போன் கடையில் வேலை பார்த்த பையன். திருட்டுப் போன் வாங்கி விற்றான் என்று கூட்டிப் போனார்களாம். மயங்கி விழுந்தானாம்.

காலையில் அவன் அம்மா பேராச்சி வந்தாள். அழவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவுமில்லை.

வக்கீலுக்கு அதற்கு முன்பே மாவட்டச் செயலாளரிடமிருந்து போன் வந்திருந்தது. உள்ளறையில் பேசினாலும் கேட்டது. "நம்ம ஆட்சின்னு தெரியுது அண்ணாச்சி… இல்ல, அறிக்கை ஒண்ணும் விடல… சரி."

பேராச்சியிடம், "அடுத்த மாசம் சபை கூடுது. அங்க வச்சுக் கேக்கேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

பேராச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வெறும் வக்கீலா இருந்தப்போ யாரையும் பொறுக்கச் சொல்ல மாட்டியளாமே."

பேராச்சி போய்விட்டாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பின்வாசல் வழியாக ஒரு பெண்ணைப் பிச்சையா அழைத்து வந்தார். ரஹ்மத் நிஷா. பஜாரில் தையல் கடை. உச்சிமாகாளியைப் பிடித்து வந்த அன்று ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுக்க உட்கார்ந்திருந்தவள். பார்த்ததை எல்லாம் சொல்வேன் என்றாள். பார்த்தது என்ன என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்கள்.

பிச்சையா என்னிடம், "ஏட்டம்மா, பிள்ள நடுங்குது, ஒரு டீ போட்டுக் குடுங்களேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

வெளியே வந்து டி.எஸ்.பி. ஐயாவுக்குப் போன் செய்தேன். பெயர், கடை, வீட்டுக்காரன் ஆட்டோ ஓட்டுகிறான் என்பது. எனக்கு இட்ட வேலை அதுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கத்தரிக்காய் வாங்கினேன், பாதி புழு. ஐயா இவருக்கே போன் செய்து பேசினாராம். "ஒம் பொண்டாட்டி கெட்டிக்காரி" என்றாராம்.

ஆகஸ்ட் 30, சனி

நிஷாவின் வீட்டுக்காரன் ஆட்டோவில் கஞ்சா பிடித்திருக்கிறார்கள். ரிமாண்ட்.

கஞ்சா வைத்திருந்தால் பிடிக்கத்தான் செய்வார்கள்.

செப்டம்பர் 3, புதன்

நிஷா எழுதிக் கொடுத்துவிட்டாள், தான் அன்று ஸ்டேஷனுக்கே போகவில்லை என்று.

தாலுகா ஆபீஸ் கூட்டம் முடிந்து வரும்போது, புளியமரத்து நிழலில் காரை நிறுத்தச் சொன்னாள் வக்கீல். டிரைவரை டீ குடிக்க அனுப்பினாள். நான் முன்சீட்டில். அவள் பின்னால். திரும்பிப் பார்க்காமலேயே இருந்தேன்.

"நிஷா வந்தது எனக்கும் பிச்சையாவுக்கும் ஒங்களுக்கும்தான் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"ஒங்கள எதுக்குக் கேட்டு வாங்குனேன்னு தெரியுமா?"

இறங்கக் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"மாரிக்கண்ணு செத்த அன்னைக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு காய்ன் பூத்துலருந்து. 'அழகியபேரி ஸ்டேஷன்ல ஒரு ஆளப் போட்டு அடிக்காவ, உசுரு இருக்கும்போதே வாங்க'ன்னு ஒரு பொம்பள. நான் போயிச் சேருறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ. கேஸ் முடியிறவரைக்கும் அது யாருன்னு நான் தேடல. கேட்டவங்களுக்கும் சொல்லல. தீர்ப்பு அன்னைக்கு கோர்ட் வாசல்ல என் சேலையப் பிடிச்சு இழுத்து ஏசுனியள்லா. ஏசுனது ஒண்ணும் எங்காதுல ஏறல. கொரலுதான் ஏறிச்சு. அதே கொரலு."

"ஒங்களுக்குத் தப்பாப் பட்டிருக்கு."

"இருக்கட்டும். இந்தப் பதவிக்கு வந்த பெறவு நம்புறதுக்கு ஒரு ஆளு வேணும்னு தோணிச்சு. யோசிச்சுப் பாத்தா ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு. அது என் முட்டாத்தனம். நான் பேராச்சியப் பொறுக்கச் சொன்னேன். நீங்க நிஷாவக் காட்டிக் குடுத்திய. ரெண்டு பேருமாச் சேந்துதான் கெடுத்திருக்கோம்."

"அப்ப வேற ஆளக் கேட்டு வாங்கிக்கிடுங்க."

"மாட்டேன். அடுத்து அனுப்புற ஆளு என்ன ஆளுன்னு எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும். வீட்டுக்குள்ள மட்டும் இனிமே வராதிய. வாசக் கேட்டுல இருங்க."

எந்தப் போனும் எனக்குத் தெரியாது. அன்று டூட்டி முடிந்து, ஸ்டேஷனில் இவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குத்தான் போனேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. வெயில். மனுக்காரர்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். பிச்சையா முகம் கொடுப்பதில்லை. மத்தியானம் உள்ளேயிருந்து சாப்பாட்டுத் தட்டு வந்தது. திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சென்னை. சபைக்குள் எங்களை விடமாட்டார்கள். வாசலில் நின்றோம். உள்ளே சத்தம் கேட்டு ஒரு கன்மேன் ஓடி வந்து, "ஒங்க அம்மா வெடிச்சிருச்சு" என்றான்.

பிறகு மற்றவர்கள் சொல்லிக் கேட்டது இது. கேள்வி நேரம் முடிந்ததும் எழுந்திருக்கிறாள். அனுமதி இல்லை என்றிருக்கிறார்கள். உச்சிமாகாளி பெயரைச் சொன்னாளாம். சாட்சி சொல்ல வந்த பெண்ணின் புருஷன்மேல் பொய்க் கஞ்சா கேஸ் போட்ட கதையைச் சொன்னாளாம். பேசியது எல்லாம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கம். சொந்தக் கட்சிக்காரர்களே கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்களாம். "எனக்கு ஒரு வருத்தம்தான். ஒரு மாசம் முந்திப் பேசியிருக்கணும்" என்றாளாம்.

வெளியே வந்தபோது முகத்தைக் கவனித்தேன். கூண்டுக்கு முன்னால் நின்று இவரைக் கேள்வி கேட்டபோது இருந்த முகம். அதைப் பார்த்ததும் பழையபடி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கட்சியிலிருந்து நீக்கம். இனி எம்.எல்.ஏ. மட்டும்தான், பின்னால் யாரும் இல்லை. ஊர் திரும்பினால் சுவரெழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மனுக்காரர்கள் வாசலில் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் கல் விழுந்திருக்கிறது.

கல் விழுந்த மறுநாளே பாதுகாப்பு வாபஸ். எனக்கு அழகியபேரி மகளிர் ஸ்டேஷன். கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தாள்.

"சந்தோசமா?" என்றாள்.

"டூட்டி முடிஞ்சுது மேடம்" என்றேன்.

பழைய பீரோவைத் திறந்து, பிச்சையா கறுப்புக் கோட்டை வெயிலில் காயப்போட்டுக் கொண்டிருந்தார்.

அக்டோபர் 2, வியாழன்

ஸ்டேஷனில் மாமியார் மருமகள் பஞ்சாயத்துதான் நாள் முழுக்க. வீட்டில் இவர் தினமும் ஷேவ் செய்துகொள்கிறார். அப்பீலில் அரசுத் தரப்பு ரொம்ப முட்டாது என்று ஐயா சொல்லியிருக்கிறாராம். பழைய தொப்பியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

உச்சிமாகாளி சாவைப் பற்றி மாஜிஸ்திரேட் விசாரணை ஆரம்பிக்கப் போகிறது. பேராச்சிக்காக வக்கீல் ஆஜராகிறாள். அதற்கு முன்னால் நிஷாவிடம் இன்னொரு வாக்குமூலம் எழுதி வாங்கச் சொல்லி எங்கள் மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அவளை வரவழைத்திருந்தார். எழுதி வாங்க வேண்டியது நான்.

என்னைப் பார்த்ததும் நிஷா முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நீங்க எம்.எல்.ஏ. வீட்ல எனக்கு டீ தந்தவங்கதான?"

ஆமாம் என்றேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அந்தம்மாட்ட எனக்காகச் சொல்லுங்கக்கா. ஏசக்கூடாதுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு வெளிய வரணுமே, அதுக்குத்தான் எழுதிக் குடுத்தேன். நான் பாத்தது நெசம். அந்தப் பையன் என் காலுகிட்ட வந்து விழுந்தான். 'எக்கா, எங்கம்மைக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க'ன்னான். நம்பரும் சொன்னான். நான் பண்ணல. பயந்துட்டேன். அவன் சொன்ன நம்பரு இன்னும் மனசுக்குள்ளயே ஓடிட்டு இருக்கு."

நான் பேனாவை மூடிவிட்டேன்.

"யாரு காட்டிக் குடுத்தாங்கன்னே தெரியலக்கா. அந்த வீட்ல நல்லவங்கதான் இருந்தாங்க" என்றாள்.

உடம்பு சரியில்லாதவள் போலிருக்கிறது, நாளைக்கு வரட்டும் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

லீவு. தலைவலி.

அக்டோபர் 17, வெள்ளி

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய் ஒரு மனு கொடுத்தேன். நானும் சாட்சி சொல்ல விரும்புகிறேன் என்று. யாரிடமும் கேட்கவில்லை. கோர்ட் கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏட்டம்மா, யோசிச்சுத்தான் குடுக்கியளா?" என்றார்.

வரும் வழியில் கோதுமை அரைத்து வாங்கினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

டி.எஸ்.பி. சொல்லி இவருக்குத் தெரிந்துவிட்டது. டிவி அணைந்திருந்தது.

"மனு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்பீலு என்ன ஆவும்னு தெரியும்லா?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

"அன்னைக்கும் நீதான்" என்றார்.

"என்னது?"

"சோத்துக் கூடைய மேசையில வச்சிட்டு, ஒண்ணும் பேசாமப் போன. மூஞ்சியப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல வக்கீலு வந்து நிக்கா. எனக்கு என்ன வெளங்காதா? அவ என்னக் கூண்டுல நிக்கவச்சு வாங்குனாளே, அப்பக்கூட ஒம் பேரு வந்துரக்கூடாதேன்னுதான் இருந்தேன்."

"நான் இல்ல."

"சரி. நீ இல்ல."

"நீங்க ஏன் அவன விட்ருக்கக்கூடாது?" எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரம்பிச்சிட்டா நிப்பாட்டத் தெரியாது ஆவுடை" என்றார். பிறகு இரண்டு சட்டையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கூடையை மேசையில் வைத்தது உண்மைதான். மாரிக்கண்ணு சுவரோரம் கிடந்தான். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தான். இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

கூண்டில் ஏறினேன். எதிரே கறுப்பு அங்கியில் வக்கீல். கொஞ்சமாவது தயவு வைப்பாள் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"ரஹ்மத் நிஷா என்ற சாட்சி என் வீட்டுக்கு வந்த விவரத்தை நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னேன். டி.எஸ்.பி.ட்ட."

"எதற்காக?"

"எங்க வீட்டுக்காரர் அப்பீலுக்கு உதவுறேன்னு சொல்லியிருந்தாரு."

"சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா?"

"தெரியாது."

"எத்தனை வருஷமாகப் போலீசில் இருக்கிறீர்கள்?"

"இருவத்தி ரெண்டு."

"இருபத்திரண்டு வருஷம் போலீசில் இருந்தும் தெரியாது?"

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் பேராச்சி. அவளுக்குப் பின்னால் டி.எஸ்.பி.

"பதில் சொல்லுங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட்.

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

விடவில்லை. என்ன தெரியும் என்பதை ஒவ்வொன்றாக என் வாயாலேயே சொல்லவைத்தாள். ஆட்டோவைப் பிடிப்பார்கள் என்று தெரியும். ஏதாவது ஒரு பொட்டலத்தை உள்ளே வைப்பார்கள் என்று தெரியும். அவள் பயந்து எழுதிக் கொடுப்பாள் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பிறகு போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்கள் கணவருக்கு வேலை போன ஆத்திரத்தில், இலாகா மீது பழி போடுகிறீர்கள். சரிதானே?"

"இல்ல சார். எனக்கு ஆத்திரம் இலாகா மேல இல்ல" என்றேன். "இந்தம்மா மேலதான்."

கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"நான் நன்றி சொல்லுவேன்னு நிக்காதிய."

"அதுக்கு நிக்கல. பஸ்ஸுக்கு நிக்கேன்."

"நாளைக்கு நிஷா வாரா. உண்மையச் சொல்லுதேன்னு ஒத்துக்கிட்டா. வராண்டா முழுக்க ஒங்க ஆளுகதான் நிப்பாங்க. அவளுக்குப் பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும்."

"பிச்சையாவ உக்காரச் சொல்லுங்க."

"யூனிஃபார்ம் போட்ட ஆளு வேணும்."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

போனேன். யூனிஃபார்மில்.

நிஷாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நேற்று நான் சொன்னதை ஊரே பேசியிருக்கும். நான் உட்கார்ந்ததும் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். அப்படியே இருந்தோம்.

பத்தரைக்கு டி.எஸ்.பி. ஐயா வந்தார். வராண்டாவில் இருந்த போலீஸ் எல்லாம் சடசடவென்று எழுந்து விறைத்தது. எனக்கும் கால் தன்பாட்டுக்கு எழப் பார்த்தது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் வந்து நின்றார். நெற்றிக்கு மேல் அந்தப் பார்வை கனத்தது. நான் எதிர்ச்சுவரில் இருந்த கேஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார்.

நிஷா பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, தன் கைப்பையை என் பக்கத்தில் வைத்தாள்.

"பாத்துக்கிடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

எழுதி ரொம்ப நாள் ஆயிற்று.

அழகியபேரி ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் இரண்டு ஏட்டும் உச்சிமாகாளி கொலைக் கேசில் உள்ளே. டி.எஸ்.பி. ஐயாவுக்குச் சென்னைக்கு மாற்றல்; நல்ல இடம் என்கிறார்கள். நிஷாவின் வீட்டுக்காரன் வெளியே வந்து ஆட்டோ ஓட்டுகிறான். எனக்கு வேறு மாவட்டத்தில் ஆயுதப்படை, துறை விசாரணை நடக்கிறது. இங்கே கடல் காற்று, உப்புத் தண்ணீர், முடி கொட்டுகிறது.

இவருடைய அப்பீல் தள்ளுபடி. அவரே போய் ஆஜராகிவிட்டார். பாளையங்கோட்டைக்குப் பார்க்கப் போனேன். வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார். "முடியெல்லாம் கொட்டிட்டு" என்று மட்டும் சொன்னார்.

இன்று மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு. டிவியில் சட்டசபை ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் கடைசி வரிசையில் தனியாக நின்றிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. அடுத்த தேர்தலில் அவளுக்கு எந்தக் கட்சியும் சீட் தராது என்று எல்லோரும் பேசுகிறார்கள். தனியாக நின்றால் டெபாசிட் தேறாது என்றுதான் நானும் நினைக்கிறேன். இளைத்திருந்தாள். ஸ்டேஷன்களில் கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உட்காருங்கள், உட்காருங்கள் என்று எதிரிலிருந்து சத்தம். உட்காரவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்தது.

சின்னப் பெண் ஒருத்தி, புதுசாகச் சேர்ந்த காவலர், ரிமோட்டை எடுத்தாள்.

"சீரியல் போடவா அக்கா? இதுல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"வச்சிரு" என்றேன்.

"அவங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா? வேண்டியவங்களா?"

"வேண்டியவங்க இல்ல."

"பின்ன?"

"பேசி முடிக்கட்டும்" என்றேன்.